கடிக்காமல் பழகிய குட்டி

தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸ் பஜாரில் வளையல் கடை வைத்திருக்கும் சுந்தரிக்கு வாய் மட்டும் கொஞ்சம் அடங்கியிருந்தால் ராணி மாதிரி இருந்திருப்பாள். அது அடங்கினால்தானே! வளையல் போட வந்தவளின் கையைப் பிடித்துக்கொண்டே, "இன்னாம்மா, மாமியார் வூட்டுல கஞ்சிதான் ஊத்துறாங்களா, கை குச்சியாட்டம் கீது?" என்பாள். அந்தப் பெண்ணின் முகம் சுண்டிப்போனதும், "சும்மா வெளையாட்டுக்குச் சொன்னேன்" என்று சிரிப்பாள். கிள்ளிவிட்டுத் தடவிக்கொடுத்தால் வலி போய்விடுமா?

அவளுக்கு வாய்த்த குட்டியும் அப்படியே. டைகர் என்று பெயர், மூன்று மாதம். விளையாட்டு மும்முரத்தில் கை, கால், புடவை எது கிடைத்தாலும் பல்லைப் பதித்துவிடும்.

பெங்களூரில் இருக்கும் மகள் மேகனாவுக்கு ஏழாம் மாதம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே? ஊர்க் கர்ப்பிணிகளுக்கெல்லாம் வளையல் அடுக்கிய கை, சொந்த மகளுக்கு அடுக்கக் காத்துக் கிடந்தது. மருமகன் திலீப்போ போனில் சொல்லிவிட்டான்: "குட்டி கடிக்கிறத நிறுத்துங்க அத்தே. அப்புறம் அனுப்புறேன்." நியாயம்தான். ஆனால் புருஷன் போனபின் தனியாக இருப்பவளுக்குத் துணை அது ஒன்றுதான். யாருக்காவது கொடுத்துவிட மனசு வரவில்லை.

பக்கத்து வீட்டு சிரில் வாழ்நாளெல்லாம் நாய் வளர்த்தவர். "அடிக்காதீங்க சுந்தரிம்மா. கடிச்சா 'ஆ'ன்னு ஒரு சத்தம். உடனே வெளையாட்ட நிறுத்திட்டு முதுகக் காட்டி உள்ள போயிருங்க. அதுக்கு நீங்கதான் வேணும். கடிச்சா நீங்க இருக்கமாட்டீங்கன்னு தெரிஞ்சா தானா நிறுத்தும்."

கையெல்லாம் கீறலோடு சுந்தரி பழக்கினாள். ஒவ்வொரு கடிக்கும் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்துவாள். வெளியே குட்டி முனகும். பாவமாக இருந்தாலும் கல்லாக நிற்பாள். நாலாம் வாரம், பல் பட்டதும் அது தானாகவே வாயை எடுத்துக்கொண்டு நக்கியது. அன்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை ரயிலில் இருவரும் வந்தார்கள், மேகனா துணிப்பையோடு. குட்டி துள்ளி ஓடி அவள் கையைக் கவ்வியது. உடனே விட்டுவிட்டு நக்கியது. திலீப் சிரித்துவிட்டான். "பரவால்லையே அத்தே. இவ இங்கயே இருக்கட்டும்."

சுந்தரி இலை போட்டாள். திலீப்புக்கு வேலை போய் மூன்று மாதம் ஆகிறது. அந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது என்று மேகனா முன்பே கெஞ்சியிருந்தாள். ரசம் ஊற்றும்போது சுந்தரியின் நாக்கில் சனி உட்கார்ந்தது.

"மாப்ள வூட்டுல சும்மாத்தான கீறாரு. புள்ளயையும் அவரையே பெத்துக்கச் சொன்னா ஆச்சு."

திலீப் இலையை மூடிவிட்டு எழுந்து கை கழுவப் போனான்.

"சும்மா வெளையாட்டுக்குச் சொன்னேன்டி," என்றாள் சுந்தரி.

"கல்யாணத்தன்னிக்கும் வெளையாட்டுக்குத்தான் சொன்ன," என்றாள் மேகனா. குரல் உயரவில்லை. "நான் எத்தினி வாட்டி அழுதிருக்கேன் தெரியுமாம்மா."

அவிழ்க்காத பையை எடுத்துக்கொண்டு திலீப்போடு படி இறங்கினாள். திரும்பிப் பார்க்கவில்லை. பிரசவம் அவன் அம்மா வீட்டில்தான் என்பது அந்தப் படியிலேயே முடிவாகிவிட்டது.

சுந்தரி ரசக் கரண்டியோடு வாசலில் நின்றாள். தன் வாயைத் தானே கிழித்துக்கொள்ளலாம் போலிருந்தது. குட்டி வந்து அவள் காலை நக்கியது.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சிரில் எட்டிப் பார்த்தார். "இன்னா, வந்ததும் கிளம்பிட்டாங்க? குட்டி கடிச்சிருச்சா?"

"இல்லீங்க," என்றாள் சுந்தரி. "அது கடிக்கல."