ஆயிரத்து ஒன்பது மட்டும் மீதி

இதை யாரிடமும் காட்டாதீர்கள், கும்பிட்டுக் கேட்கிறேன். மரகதத்தோடு ஏழாம் வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்காக மட்டும் எழுதுகிறேன். வீட்டில் தெரிந்தால் என் படிப்பு இதோடு நின்றுவிடும்.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ் குழாயடியில் அன்று காலை குடத்தை வைத்தேன். முன்னால் நின்ற அக்கா திரும்பாமலே சொன்னார்: "1022ல அந்தப் புள்ள போயிருச்சு." குடம் நிரம்பி வழிந்ததை நான் பார்க்கவில்லை.

1022 மரகதத்தின் வீடு. எங்களுடையது 117. எந்த எண்ணைக் கண்டாலும் அவள் வகுத்துப் பார்ப்பாள். ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே வகுபடும் எண்ணைப் பள்ளியில் பிரைம் என்றார்கள். அவள் 'பிரியாத எண்' என்றாள். ஒரு நாள் தண்டவாளத்தோரம் நடக்கையில் சிரித்தாள். "உங்க வீடு மூணுலயே உடையுது, எங்க வீடு ரெண்டுலயே. சேத்து எழுதிப் பாப்பமாடி?"

1022117. அது பிரியாத எண்ணானால் நாங்களும் அப்படித்தானாம். பார்த்தாலே தெரிகிறதே, பிரியாது என்றேன். "வகுத்துப் பாக்காம எதையும் நம்பாதடி," என்றாள்.

ஆயிரத்துப் பத்துக்குள் இருக்கும் பிரியாத எண்களால் மட்டும் வகுத்தால் போதும் என்று அவளே கண்டுபிடித்தாள். நூற்று அறுபத்தொன்பது எண்கள். ஒரு கணக்கு நோட்டில் மாதக்கணக்காக வகுத்தாள். ஒவ்வொரு தடவையும் மீதி வந்தது. 997 முடிந்த அன்று காய்ச்சல் கண்டது. கடைசி எண் ஒன்றுதான் மீதி.

காய்ச்சலில் அதையே பிதற்றினாள்: ஆயிரத்து ஒன்பது, ஆயிரத்து ஒன்பது. வீட்டார் பயந்துபோய் கிள்ளானிலிருந்து பூசாரியைக் கூட்டி வந்தார்கள். "சாமிக்கு ஆயிரத்தெட்டுப் பேரு. அதுக்கு மேல ஒண்ண இவ கூப்பிடுறான்னா, யாரைன்னு நினைக்கிறீங்க?" என்றார் அவர். பிறகு நோட்டைப் புரட்டி, இவளோடு சேர்ந்து இதை எழுதியது யார் என்று கேட்டார். நான் கதவோரம் நின்றேன். அது கணக்கு என்று எனக்கு மட்டுமே தெரியும். வாய் திறக்கவில்லை. வேப்பிலையும் விபூதியுமாக இரண்டு நாள் போனது. டாக்டர் வந்தபோது நேரம் கடந்திருந்தது.

நாளை கருமாதியில் அந்த நோட்டைக் கொளுத்தப் போகிறார்கள். இன்று மதியம் அவள் தலையணைக்கடியிலிருந்து அதை எடுத்துவிட்டேன். அவள் அப்பா வீடு வீடாகக் கேட்டு வருகிறார்.

சற்றுமுன் விளக்கைத் தாழ்த்தி 1009ஆல் வகுத்தேன். ஈவு 1013. மீதி இல்லை. எங்கள் எண் பிரிந்துவிட்டது. அழுகை நின்றபின், அவள் சொன்னபடி 1013ஐயும் வகுத்துப் பார்த்தேன். எதற்கும் அது உடையவில்லை. 1009உம் உடையவில்லை. இரண்டும் பிரியாத எண்கள்.

அவள் சொன்ன அந்த ஒரு பேச்சும், காலியாக இருந்து நான் நிரப்பிய இந்தக் கடைசி வரியும்தான் என்னிடம் இருக்கின்றன. காலையில் அவள் அப்பாவிடம் போய்ச் சொல்வேன்: "மாமா, அவ யாரையும் கூப்பிடல, வகுத்துக்கிட்டிருந்தா." அன்றைக்கே சொல்லியிருந்தால்

கதவைத் தட்டுகிறார்கள். அவள் அப்பாவின் குரல். நோட்டு என் மடியில்