பெல்லடோனாவும் தொப்பைச் சீசாவும்

"ஏனுங்க கம்பவுண்டரு, என் கண்ணப் புடுங்கிட்டீங்களே!"

சுவரைத் தடவிக்கொண்டு மாரப்பன் டிஸ்பென்சரிக்குள் நுழைந்தபோது நான் பரீட்சை தேறி வேலையில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

மாரப்பன் கொள்ளேகாலிலிருந்து மைசூருக்கு வந்து பட்டு நெய்பவர். அவருக்கு வயிற்றுப் புண். சோடா உப்பு, ஏற்கனவே ஊறிவிட்ட அமிலத்தை அடக்கும். சற்று நேரத்தில் மறுபடி ஊறும். அதனால் டாக்டர் டிங்ச்சர் பெல்லடோனா சேர்த்த மிக்ஸ்சர் எழுதியிருந்தார். அந்த மருந்தின்மேல் எனக்கு ஒரு மயக்கமே உண்டு. 'ஊறு' என்று நரம்பு இரைப்பைக்குச் சொல்வதை அது வழியிலேயே மறித்துவிடும். அளவு மீறினால் எச்சிலையும் உலர்த்தும், கண்மணியையும் விரிக்கும்.

"வலி இல்லீங். ஆனா தறியில பாவு நூலு புகையாட்டம் மெதக்குது. விளக்கெல்லாம் தாமரையாட்டம் விரியுது. அழகாத்தான் இருக்குது, இழை தெரியலீங்களே! நான் என்னத்த நெய்ய?"

டாக்டர் அவர் கண்ணைப் பார்த்தார். கண்மணி அகன்று, ஜன்னல் வெளிச்சம் முழுவதையும் குடித்துக்கொண்டிருந்தது. என் பக்கம் திரும்பினார்.

"ஏனப்பா, எத்தனை சொட்டு விட்டே?"

"எழுதினபடிதான் சார்."

"அப்போ ஸ்வல்ப யோசி. மருந்துக்கும் வாய்க்கும் நடுவுல என்ன இருக்கு?"

சீசா இருந்தது. யுத்தத்தால் சீசாவுக்குப் பஞ்சம், நோயாளிகளே கொண்டுவருவார்கள். மாரப்பன் கொண்டுவந்தது மேலே குறுகி, கீழே தொப்பை விழுந்த பன்னீர்ச் சீசா. நானோ வழக்கம்போல், வேளைக்கு எவ்வளவு என்று காட்டும் அளவுத்தாளை ஒன்பது சம பங்காக வெட்டி அதன் பக்கவாட்டில் ஒட்டியிருந்தேன். அந்தச் சீசாவில் தண்ணீர் நிரப்பி, அவுன்ஸ் கிளாசில் கோடு கோடாகக் கொட்டி அளந்தேன். அடிக்கோட்டு வேளை மேல்கோட்டு வேளையைப்போல் மூன்று மடங்கு.

"தப்பு என்னோடதுண்ணா. மருந்த நிறுத்தினா பார்வை வந்துடும்."

"வராட்டி உங்க வீட்டுலதான் எனக்குச் சோறு, ஆமா!"

அடுத்த இரண்டு நாளும் அவர் தெருவில் காலையும் மாலையும் நடந்தேன். பனியில் வீடுகள் மிதப்பதுபோலிருந்தன. அவர் தறி மட்டும் பேசவில்லை. மூன்றாம் நாள் அதன் சத்தம் கேட்டது. அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அவரே வந்தார். "புண்ணு எரியுதுங். மருந்து வேணும். மொதல்ல நீங்க ஒரு வேளை குடிங்க."

சீசாவில் வேளை வேளையாகத் தண்ணீர் அளந்து ஊற்றிக் கோடு போட்டு, அதற்கேற்ப வெட்டிய தாளை ஒட்டினேன். இப்போது எந்தச் சீசாவுக்கும் அப்படித்தான். புதிதாக வேலைக்கு வரும் கம்பவுண்டர்களே, நீங்களும் அப்படியே செய்யுங்கள். பிறகு மருந்தை நிரப்பி, அவர் கேட்டபடி ஒரு வேளை குடித்தேன். எதிர் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் என் கண்ணையே பார்த்திருந்துவிட்டுத்தான் மாரப்பன் சீசாவை எடுத்துக்கொண்டார். எனக்கு வாய் உலர்ந்திருந்தது. மருந்தாலா, பயத்தாலா என்று இன்னும் நிச்சயமில்லை.