தொட்டிலில் கிடந்த குழவிக்கல்

பள்ளிக்கூடம் விட்டு வந்து, எங்கள் ஒற்றையறைக் காம்பராவுக்குள் கால் வைத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். அம்மா தொட்டில் ஆட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளையோ இன்னும் அவள் வயிற்றில்தான் இருந்தது.

கூரை மரத்தில் தன் பழைய சேலையைக் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். தாலாட்டு வேறு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கிட்டப் போய்ச் சேலையை விலக்கிப் பார்த்தேன். உள்ளே, துணியில் சுற்றி, முனை மட்டும் வெளியே தெரிய, எங்கள் அம்மியின் குழவிக்கல் கிடந்தது. அன்று காலையில்கூட ரொட்டிக்குச் சம்பல் அரைத்த அதே கல். அம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்து 'ஓ'வென்று அழ ஆரம்பித்தேன்.

"ஏண்டி கத்துற? தம்பி முழிச்சிக்கிருவான்" என்றாள் அம்மா.

நான் இன்னும் உரக்கக் கத்தினேன்.

இலங்கை மலையகத்தில், அப்புத்தளைக்குக் கீழே இருந்தது எங்கள் தேயிலைத் தோட்டம். எங்கள் தோட்டம் என்றால் நாங்கள் கூலிக்கு வேலை செய்த தோட்டம். எங்களுக்கென்று சொந்தமாக இருந்தது அந்த அம்மியும் குழவியும்தான். எழுபதுகளில், அரிசிக்கும் மாவுக்கும் ஆலாய்ப் பறந்த நேரம் அது. வயிற்றுப் பிள்ளைக்காரியான அம்மாவுக்கும் அரைவயிறுதான். முகம் வெளுத்து, கால் வீங்கி, குழாயடி வரைக்கும் போய் வந்தாலே மூச்சு வாங்கும். தோட்டத்து மருத்துவச்சி அவளைக் கொழுந்து பறிக்கப் போகக்கூடாதென்று நிறுத்திவிட்டாள். "ஒடம்புல ரத்தமே இல்ல. ரெண்டு உசுரும் ஆண்டவன் கையிலதான் இருக்கு" என்று அவள் அப்பாவிடம் சொன்னது, கதவுக்குப் பின்னால் நின்ற என் காதிலும் விழுந்தது. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதற்கு முன்னால் ஒரு தம்பி பிறந்து, அழாமலேயே போய்விட்டான். அவனுக்காக அம்மா முன்கூட்டியே ஒரு சட்டை தைத்து வைத்திருந்தாளாம். நான் அதைப் பார்த்ததில்லை. பிறக்காத பிள்ளைக்குத் துணி தைக்கக்கூடாது என்பது எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யாரும் மீறக்கூடாத சட்டம். பக்கத்துக் காம்பராவில் இருந்த அத்தை, அப்பாவின் அக்கா, "சட்டையத் தச்சு வச்சு எமனுக்கு வழி காட்டிட்டா" என்று லயம் லயமாகப் போய்ச் சொன்னாள். அதனால் இந்த முறை எங்கள் வீட்டில் ஒரு துண்டுத் துணியைக்கூட யாரும் எடுத்து வைக்கவில்லை. அப்படியிருக்கையில்தான் இந்தத் தொட்டில்.

என் சத்தம் கேட்டு ஓடிவந்த அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். "அடிப்பாவி! வெறுந்தொட்டில ஆட்டுனா பொறக்கப்போற புள்ளைக்கு ஆகாதுன்னு தெரியாதா ஒனக்கு? போன தடவ பட்டது பத்தாதா?"

அம்மா கயிற்றை விடவில்லை. "வெறுந்தொட்டிலா அண்ணி? நல்லாப் பாருங்க. உள்ளதான் ஆள் இருக்குல்ல."

அத்தை எட்டிப் பார்த்தாள். லயத்துச் சட்டப்படி அதில் குற்றம் கண்டுபிடிக்க அவளுக்கு வழியில்லை.

"சும்மா படுத்துக் கெடந்தா பயம் நெஞ்ச அடைக்குது அண்ணி" என்றாள் அம்மா, குரல் இறங்கி. "இத ஆட்டிக்கிட்டு இருந்தா, அவன் வந்துருவான்னு இருக்கு."

அப்பாவுக்குத்தான் பொறுக்கவில்லை. குழவி தொட்டிலில் தூங்கினால் மிளகாய் அரைப்பது எப்படி? மூன்று வேளையும் உப்புச் சப்பில்லாத கறியைத் தின்றுவிட்டு, "கல்லுக்குத் தாலாட்டு! காலையில வேலைக்குப் பேர் குடுக்கப் பெரட்டுக் களத்துல நின்னா அத்தன பேரும் என்னயப் பாத்துச் சிரிக்கிறானுக" என்று எரிந்து விழுந்தார். ஒருநாள் அம்மா கண்ணயர்ந்த நேரம் பார்த்து, தொட்டிலிலிருந்து கல்லைத் தூக்கிக்கொண்டு அம்மியடிக்குப் போனார். நான் பின்னாலேயே ஓடினேன். மேல்துணியை அவிழ்த்தவர், எனக்கு முதுகைக் காட்டியபடி குந்தியவர், வெகுநேரம் எழும்பவே இல்லை. மிளகாய் அப்படியே கிடந்தது. பிறகு துணியைப் பழையபடி சுற்றி, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு உள்ளே வந்து, தொட்டிலருகே நின்று என்னைப் பார்த்தார்.

"பாப்பா, தலமாடு எந்தப் பக்கம் இருந்துச்சு?"

போச்சு, அப்பாவுக்கும் பைத்தியம் பிடித்துவிட்டது! பயந்துகொண்டே சன்னல் பக்கம் கையைக் காட்டினேன். அந்தப் பக்கமே தலை வைத்துப் படுக்க வைத்தார். அதற்குப் பிறகு கறியைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை.

வலி வந்தது ஒரு காலை நேரம். தோட்டத்து லொறி பனிக்குள் வந்து நின்றது. அப்பாவும் இன்னும் சிலரும் அம்மாவைத் தூக்கி ஏற்றினார்கள். அவள் உதட்டில் இரத்தமே இல்லை. "தொட்டில நிப்பாட்டிறாத பாப்பா" என்று மட்டும் சொன்னாள். லொறி பதுளை ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது. நான் விக்கி விக்கி அழுதபடி கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தபோது அத்தை உள்ளே வந்தாள். தொட்டிலை அறுத்தெறியத்தான் வருகிறாள் என்று நினைத்து, சேலையைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

"தள்ளு" என்றாள் அத்தை. "போயி ரெண்டு வாய் தின்னுட்டு வா. அது வரைக்கும் நா ஆட்டுறேன்."

சாயங்காலம் லொறி திரும்பி வந்து நல்ல செய்தி சொல்கிற வரை, நானும் அத்தையும் மாறி மாறி ஆட்டினோம். அத்தைக்குத் தாலாட்டு வராது. சாமி பேரைத்தான் ராகம் போட்டு இழுத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு வாரம் கழித்து அம்மா வந்தாள், கையில் எலிக்குஞ்சு மாதிரி ஒரு தம்பியோடு. லயமே எங்கள் வாசல் இஸ்தோப்பில் நின்றது. அவனைத் தொட்டிலில் போட வேண்டுமே. அம்மா பிள்ளையை அத்தையிடம் கொடுத்துவிட்டு, கல்லை எடுத்து மடியில் வைத்து மேல்துணியை அவிழ்த்தாள். உள்ளே, குழவிக்கு ஒரு சின்னச் சட்டை மாட்டியிருந்தது. மஞ்சள் துணியில் சிவப்புப் பூ. ஒருமுறைகூடத் துவைக்காத புதுத்துணி.

"ஐ, சட்டை! தம்பிக்குப் போடும்மா!"

"வேணாம்டி. இது அவன் சட்ட" என்றாள் அம்மா. அதைக் கழற்றி, மடித்து, தகரப்பெட்டியின் அடியில் வைத்தாள்.

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "கல்லுக்குப் போய்ச் சட்டையா!" என்று கைதட்டிச் சிரித்தேன். கூட யாருமே சிரிக்கவில்லை. அப்பா கல்லை மெதுவாகத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். அத்தை தம்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, முந்தானையை வாயில் திணித்தபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நல்லபடியாகப் பிள்ளை வந்து சேர்ந்த வீட்டில் இவர்களுக்கெல்லாம் என்ன வந்தது என்று நான் முழித்தேன். அத்தனை நாளும் அம்மா தாலாட்டியது வரப்போகிற தம்பியை மட்டும்தான் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்.