ஆபீசரம்மாவின் மருந்தடிப்பு

"ஏம்மா, இந்தத் தடவையும் கழுவிட்டுத்தான் வந்திருக்கியா?" என்றார் கும்பகோணத்து லேடி டாக்டர்.

மேசையில் மல்லாந்து கிடந்த நான், "நல்லாவே கழுவிட்டு வந்தேன் டாக்டர்" என்றேன். பாராட்டுவார் என்று நினைத்தேன், பாருங்கள்.

"அப்புறம் நான் எதை டெஸ்ட்டுக்கு அனுப்புறது? உன் சோப்பையா?"

கல்யாணமாகி நாலு வருஷம், குழந்தை இல்லை. கூடவே அந்தரங்க இடத்தில் ஓயாத அரிப்பு, வாடை. வாடை வந்தால் கழுவுவேன்; கழுவக் கழுவ வாடை கூடும். கழிவறைப் பீச்சுக்குழாயால் உள்ளேயும் பீய்ச்சுவேன். போதாதென்று, காயத்துக்குப் போடுகிற கிருமிநாசினியை வெந்நீரில் கலந்து அதையும் ஊற்றுவேன். எரியும். எரிந்தால் வேலை செய்கிறது என்று பொருள் என்பது என் மேதாவித்தனம்.

"என்ன வேலை பாக்குற?"

"வேளாண்மை உதவி அலுவலர் டாக்டர், குத்தாலம் பக்கம்."

"அடிப்பாவி! உனக்கே தெரிய வேணாமா? உள்ள நல்ல கிருமி இருக்கு. அதுதான் காவல். அதையும் சேத்துக் கொன்னுட்டு, நாறுது நாறுதுங்குற."

மானம் கப்பலேறியது. குறுவைப் பட்டத்தில் வரப்பு வரப்பாக நின்று, "கண்டதுக்கும் மருந்தடிக்காதீங்கய்யா, நன்மை செய்யுற பூச்சியும் செத்துடும்" என்று தொண்டை கிழியக் கத்துகிறவள் நான். போன மாதம் ஒரு விவசாயி, ஆபீசரம்மா வருகிறார் என்று முதல் நாளே மருந்தடித்து வயலைச் 'சுத்தமாக' வைத்திருந்தார். அவரை வரப்பிலேயே வறுத்தெடுத்தேன். அந்த மனுஷர் மட்டும் இந்த அறையில் இருந்திருந்தால் உருண்டு புரண்டு சிரித்திருப்பார்.

"யாரு உன்ன இப்படிக் கழுவச் சொன்னது?"

யாரும் சொல்லவில்லை. கல்யாணமான புதிதில் ஒரு நாள் என் வீட்டுக்காரர் மூக்கைச் சுளித்தார். அவ்வளவுதான்.

அடுத்த முறை, உள்ளே தண்ணீர் காட்டாமல் இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டுப் போனேன். தொற்று பிடிபட்டது, மாத்திரையில் அடங்கியது. பிறகு எடுத்த படத்தில் ஒரு கருக்குழாய் அடைத்திருந்தது.

"கழுவினதாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது" என்றார் டாக்டர். "ஆனா உள்ள பீய்ச்சினா தொற்று மேல ஏற வழி பண்ணிக் கொடுத்த மாதிரிதான். இன்னொரு குழாய் நல்லா இருக்கு. நம்பிக்கையா இரு."

வெளியே காத்திருந்த வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மூக்கு சுளித்த கதையையும் சொன்னேன்.

"நானா? எப்ப?" என்றார்.

சத்தியமாக அவருக்கு நினைவே இல்லை. நாலு வருஷம் என் உடம்பை நானே அருவருத்திருக்கிறேன், இவருக்கு நினைவே இல்லை! ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து முட்டிக்கொண்டு வந்தன.

அவர் முகம் வெளிறிவிட்டது. "நான் இப்ப என்ன பண்ணணும், சொல்லு" என்றார்.

"இனிமே வாடை அடிச்சா உங்க மூக்கைக் கழுவிக்குங்க" என்றேன்.