கடைசியாக ஒரு காரியம், ஆண்டவரே

"எனக்கு வார்த்தைப் பஞ்சம்னு ஒண்ணை ஆண்டவர் வைக்கவே இல்ல. அரை மணி நேரம் குடுங்க, சொன்ன வார்த்தை திரும்ப வராம ஜெபிச்சுக் காட்டுறேன்."

இந்த அறிவிப்பு, வாலிபர் கூட்டம் முடிந்து பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த வேளையில், பதினோரு சாட்சிகள் முன்னிலையில் வெளியிடப்பட்டது. வெளியிட்டவனுக்கு வயது இருபத்துமூன்று. மறுப்புத் தெரிவிக்க யாரும் முன்வரவில்லை. மறுத்தால் அங்கேயே நிரூபித்துவிடுவான் என்ற பயம்தான் காரணம்.

சபையில் அவனுக்குக் 'கடைசியாக' என்று பெயர். "கடைசியாக ஒரு காரியம், ஆண்டவரே" என்று அவன் சொன்னதும், முழங்கால் வலிக்காரர்களில் புதியவர்கள் நம்பி எழுந்திருக்கத் தயாராவார்கள். பழையவர்கள் அசையமாட்டார்கள். அந்தக் கடைசிக்குப் பின்னால் இன்னும் மூன்று கடைசிகள் வரிசையில் நிற்பது அவர்களுக்குத் தெரியும். ஒருமுறை சாப்பாட்டுக்கு முன் அவனை ஜெபிக்கச் சொன்னார்கள். ஆவி பறக்கத் தொடங்கிய ஜெபம், குழம்பின் மேல் ஆடை படிந்தபின் முடிந்தது. அன்று முதல் போதகர் சாப்பாட்டு ஜெபத்தை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

பிழைப்புக்கு அவன் செய்தது, வாஷிங் மெஷின் கம்பெனி ஒன்றின் புகார்ப் பிரிவில் போன் எடுக்கும் வேலை. நெஞ்சளவு தடுப்பு, காதில் ஹெட்செட், கண்ணெதிரே ஒட்டிய தாள்கள். கோபப்படுகிறவருக்கு ஒரு தாள், அழுகிறவருக்கு ஒரு தாள், "உன் மேனேஜரைக் கூப்பிடு" என்கிறவருக்கு ஒரு தாள். மூன்றாவது வாரத்திலேயே அவனுக்குத் தாள் தேவைப்படவில்லை. "உங்க சிரமம் எங்களுக்குப் புரியுது. உங்க பொறுமைக்கு நன்றி" என்று கண்ணை மூடிக்கொண்டே ஒப்பிப்பான்.

"கண்ணைத் திறடா, கஸ்டமர் ஆமென் சொல்லிடப் போறாரு" என்பாள் பக்கத்து இருக்கை அக்கா.

அக்காவும் அதே சபைதான். கல்யாணம் ஆகவில்லை. படுக்கையில் கிடந்த அம்மாவை இரண்டு வருடமாகத் தனியாளாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேலையில் அவள் எந்தத் தாளையும் பார்த்ததில்லை. யார் என்ன சொன்னாலும், "ஐயோ, அப்புறம்?" என்பாள். அவ்வளவுதான். மெஷின் ஓடாமலேயே பாதிப் பேர் சமாதானமாகிப் போனை வைத்துவிடுவார்கள். நம்மவனிடமோ ஒருமுறை ஒரு பெரியவர், "தம்பி, படிக்காத, பேசு" என்றார். அவனுக்கு அது புரியவில்லை. பொறுமைக்கு நன்றி சொல்லி வைத்துவிட்டான்.

ஜெபத்துக்கும் அவன் தலைக்குள் ஓர் அலமாரி இருந்தது. பிறந்தநாளுக்கு ஒரு தட்டு, பரீட்சைக்கு ஒரு தட்டு, புதுவீட்டுக்கு, ஆஸ்பத்திரிக்கு, துக்கவீட்டுக்கு. குறை சொல்லக் கூடாது, அலமாரி தூசியில்லாமல்தான் இருந்தது. தட்டுகளுக்கு நடுவே தடுப்பு இல்லை என்பது மட்டும் யாருக்கும் தெரியாது.

ஒரு சனிக்கிழமை மாலை, புதுவீடு ஒன்றில் ஜெபம். பெயின்ட் வாசனை மூக்கை அடைத்தது. கட்டி முடிக்க ஒன்பது வருடம் பிடித்த வீடு. நம்மவன் உருகினான்: "இந்த நாளுக்காக இந்தக் குடும்பம் எத்தனை நாள் காத்திருந்தது என்று நீர் அறிவீர், தகப்பனே. அந்தக் காத்திருப்பை நீர் வீணாக்கவில்லை. ஸ்தோத்திரம்!" வீட்டுக்காரர் தேம்பிவிட்டார். அந்த வாக்கியத்தை வழியெல்லாம் நாக்கில் உருட்டிக்கொண்டே வீடு திரும்பினான். நல்ல வாக்கியம். இன்னொரு முறை பயன்படும்.

பயன்பட்டது. மறுநாள் காலை அக்காவின் அம்மா இறந்துபோனார்.

மத்தியானம் அவன் போனபோது முன்னறையில் பெட்டி வைத்திருந்தார்கள். மடக்குக் கட்டில் சுவரோடு சாய்ந்திருந்தது. பால்கனிக் கொடியில் ரப்பர் விரிப்பு ஒன்று, தன்னுடைய வேலை முடிந்துபோனது தெரியாமல் இன்னும் காய்ந்துகொண்டிருந்தது. வேறு ஊரில் இருந்த அண்ணனும் அண்ணியும் வந்திருந்தார்கள். இரண்டு வருடத்தில் அது அண்ணனின் இரண்டாவது வருகை. போதகர் வழியில் மாட்டிக்கொண்டு போனில் சொன்னார்: "தம்பி, நான் வர்ற வரைக்கும் சின்னதா ஒரு ஜெபம் பண்ணிடு."

சின்னதா. அந்தச் சொல்லோடு அவனுக்குப் பழக்கமில்லை.

முதல் சில நிமிடங்கள் துக்கவீட்டுத் தட்டிலிருந்து ஒழுங்காகவே வந்தன. பின்னால் யாரோ விம்மினார்கள். விம்மல் கேட்டால் நம்மவனுக்கு உற்சாகம் பிறக்கும். குரல் உயர்ந்தது. "இந்த நாளுக்காக இந்தக் குடும்பம் எத்தனை நாள் காத்திருந்தது என்று நீர் அறிவீர், தகப்பனே. அந்தக் காத்திருப்பை நீர் வீணாக்கவில்லை. ஸ்தோத்திரம்!"

காது கேளாத ஒரு தாத்தா மட்டும் "ஆமென்" என்றார்.

அப்போதாவது நின்றிருக்கலாம். ஓடுகிற வண்டி எங்கே நிற்கிறது? "இந்தச் சுவர்களைத் தாங்கியருளும். இந்தக் குழாய்களில் தண்ணீர் குறையாதிருப்பதாக..." குழாயில்தான் அவனுக்கு விழிப்பு வந்தது. கண்ணைத் திறந்தான். அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் காது இரண்டும் சிவந்திருந்தன.

"காத்திருந்தாங்களா?" என்றார் அண்ணன். "யாரு காத்திருந்தா? இவ சொன்னாளா உங்கிட்ட?"

"நான் அப்பவே சொன்னேன்ல" என்றாள் அண்ணி.

இந்த இடத்தில் ஒரு மனிதன் சொல்லக்கூடியது ஒன்றே ஒன்று: ஐயா, இது நேற்று ஒரு புதுவீட்டில் செய்த ஜெபம், வாய் தவறி வந்துவிட்டது. அதைச் சொன்னால் தன் ஜெபம் பழைய சரக்கு என்று தெரிந்துவிடும். நம்மவன் வாயைத் திறந்தான். வந்தது இது:

"உங்க சிரமம் எங்களுக்குப் புரியுது."

கல்லறைத் தோட்டத்தில் அவன் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டான். தொட்டி அவனைவிடக் குட்டை என்பதால், எல்லாருக்கும் அவன் தலை தெரிந்தது.

வீட்டில் அவன் அம்மா முழுக் கதையும் கேட்டாள். "வாயை வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்ல? கல்யாணத்தன்னைக்கே உங்கப்பா மொத்தமா ரெண்டு வார்த்தைதான் பேசினாரு. ஒண்ணு 'ஆமா', இன்னொண்ணு 'தண்ணி'. இன்னி வரைக்கும் அந்த மனுஷனால ஒருத்தர் மனசு நோகல. நீ யாருக்குப் பொறந்தியோ!"

"உனக்குத்தான்மா" என்று உள்ளறையிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. அந்த வருடத்துக்கு அதுவே அவருடைய நீண்ட உரை.

அறைக் கதவைச் சாத்திக்கொண்டு முழங்காலில் நின்றான். மன்னிப்புக் கேட்கலாம் என்று எண்ணம். நாற்பது நொடியில் சரக்கு தீர்ந்துவிட்டது. கட்டிலுக்கடியில் கிடந்த ஒற்றைச் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். யோசித்துப் பார்த்தால், தனியாக இருக்கும்போது என்றைக்குமே நாற்பது நொடிதான். பல் விளக்க அதைவிட அதிக நேரம் எடுத்துக்கொள்கிறான். கேட்கிற காது கூடக்கூட ஜெபமும் நீண்டிருக்கிறது. அப்படியானால் இத்தனை நாள் யாரிடம் பேசிக்கொண்டிருந்தான்? தாளைப் பார்த்து வாசிக்கிறவனை ஒரு வாஷிங் மெஷின்காரரே முதல் வரியில் கண்டுபிடித்துவிடுகிறார். மறுமுனையில் இருப்பவருக்கா தெரியாமல் போயிருக்கும்? இத்தனை வருடம் அவர் போனை வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார் என்று நினைத்தபோது, அறையில் யாரும் இல்லாத அந்த நேரத்திலும் அவனுக்கு முகம் சுட்டது.

அவமானத்துக்கு முதல் மருந்து இடமாற்றம். ஏசி காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று மேனேஜரிடம் சொல்லி, பிரின்டர் பக்கத்தில் ஓர் இருக்கை வாங்கிக்கொண்டான். அங்கே ஏசி இன்னும் அதிகம். அக்கா வேலைக்குத் திரும்பிய பிறகு, அவள் சாப்பிட்டு முடித்த டப்பாவைக் கழுவும் சத்தம் கேட்டபின்தான் இவன் சாப்பாட்டு அறைக்குப் போவான்.

இப்படியே காலம் தள்ளியிருப்பான். கெடுத்தது அடுத்த ஞாயிறு. ஆராதனை முடிந்து வாசலில் இரண்டு பெண்கள் அவனை நிறுத்தினார்கள்.

"தம்பி, உனக்கு இப்படி ஒரு வரம் இருக்குன்னு தெரியாம போச்சே! அவ மனசுல இருந்ததை ஆண்டவர் உன் வாயில குடுத்துட்டாரு பாரு. அவங்க அண்ணனே எங்ககிட்ட சொன்னாரு. அம்மா எப்பப் போவாங்கன்னு இவ காத்துக்கிட்டுதான் இருந்தாளாம்."

அதாவது, நம்மவன் தீர்க்கதரிசி ஆகிவிட்டான். ஐந்து வருடமாக அவன் ரகசியமாக ஆசைப்பட்ட பதவி. கையெழுத்துக்கூடக் கேட்கவில்லை, சும்மா இருந்தால் போதும்.

"அது வரம் இல்லம்மா" என்றான். குரல் அவனுக்கே கேட்கவில்லை. "அது முந்தின நாள் புதுவீட்டுல பண்ணின ஜெபம். மனப்பாடம். மாத்தி ஒப்பிச்சிட்டேன். அக்காவைப் பத்தி எனக்கு ஒண்ணுமே தெரியாது."

"பாத்தியாடி, என்ன தாழ்மை!" என்றாள் ஒருத்தி மற்றவளிடம்.

மூன்று முறை சொன்னான். மூன்று முறையும் தாழ்மை கூடிக்கொண்டே போனது. நான்காவது முறை புதுவீட்டுக்காரரையே கையைப் பிடித்து இழுத்துவந்து நிறுத்தினான். அவர் வாக்கியத்தை வார்த்தை பிசகாமல் சொன்னார், குழாய் உட்பட. பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று போய்விட்டார்கள். சாட்சிக்கு வந்தவருக்கும் முகம் விழுந்துவிட்டது. "அப்ப எனக்குப் பண்ணினது மட்டும் புதுசா தம்பி?" என்று கேட்டார்.

திங்கட்கிழமை மதியம், டப்பா கழுவும் சத்தத்துக்குக் காத்திராமல் சாப்பாட்டு அறைக்குள் போனான். அக்கா மட்டும் இருந்தாள். எதிர் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"அக்கா, அன்னைக்கு நான் உங்கம்மாவுக்கு ஜெபம் பண்ணலக்கா. புதுவீட்டு ஜெபத்தை எடுத்து ஒப்பிச்சேன். உங்க அண்ணனுக்கு நேத்து போன் பண்ணிச் சொல்லிட்டேன்."

அக்கா சாப்பிடுவதை நிறுத்தினாள். "என்ன சொன்னாரு?"

"'குழாய் எங்கேர்ந்து வந்துச்சுன்னு இப்பத்தான்டா புரியுது'ன்னாரு. அப்புறம் கொஞ்சம் திட்டினாரு."

"நல்லா திட்டினாரா?"

"நல்லாத்தான்கா."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புரை ஏறி, தண்ணீர் குடித்து, மறுபடி சிரித்தாள். சிரிப்பு எந்த இடத்தில் நின்றது என்று அவனுக்குத் தெரியவில்லை. பார்த்தபோது அவள் டப்பா மூடியின் ரப்பரை நகத்தால் நெம்பிக்கொண்டிருந்தாள்.

"ஆனா நான் காத்திருந்தேன்தான்டா" என்றாள். "கடைசி மூணு மாசம். ஒவ்வொரு நாளும் சாவியைப் போட்டுக் கதவைத் திறக்கும்போது, இன்னைக்கு முடிஞ்சிருக்குமான்னு நினைச்சுக்கிட்டேதான் திறப்பேன். அம்மா உள்ளேயிருந்து 'வந்துட்டியாம்மா'ம்பாங்க. இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. ஆண்டவர்கிட்டயும் சொல்லல. நீ எல்லார் முன்னாடியும் போட்டு உடைச்சிட்ட."

கழன்று வந்த ரப்பரை மூடியில் திரும்பப் பொருத்தினாள்.

"என்னால இதை ஜெபத்துல சொல்ல முடியல. வாயே வரமாட்டேங்குது. எனக்காக இப்ப நீ பண்ணு. மணி அடிக்கிறதுக்குப் பத்து நிமிஷம் இருக்கு."

கண்ணை மூடினான். "தகப்பனே" என்றான்.

அலமாரியைத் திறந்து பார்த்தான். எல்லாத் தட்டுகளும் நிறைந்துதான் இருந்தன. எடுத்த வாக்கியம் ஒவ்வொன்றும் ஏற்கெனவே எங்கோ, யாருக்கோ, எத்தனையோ பேர் கேட்கச் சொன்னதாக இருந்தது. ஒன்றை எடுத்தான், வைத்தான். இன்னொன்றை எடுத்தான், வைத்தான். மூலையில் பிரிட்ஜ் உறுமி அடங்கியது. கழுவுதொட்டியில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அக்கா மூக்கை உறிஞ்சினாள்.

மணி அடித்தபோது அவனுக்கு இரண்டாவது முறையாக வாய் வந்தது.

"தகப்பனே" என்றான்.

"ஆமென்" என்றாள் அக்கா. டப்பாவை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.