முகாம் என்கிற வீடு

இன்று மிசிசாகாவில் ஒரு அரபு பேக்கரியில் எள்ளும் காட்டு மூலிகையும் தூவிச் சுட்ட ரொட்டி மணத்தபோது, தொண்ணூறுகளில் டொரன்டோவில் எங்கள் எதிர் அப்பார்ட்மென்டில் இருந்த சல்மா அன்ரியின் குசினி நினைவில் வந்தது. லெபனான் அகதி முகாமில் பிறந்த பாலஸ்தீனப் பெண் அவர். மாவைத் தட்டியபடியே, தகரக் கூரையில் மழை இரைவதையும், இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டிய ஒழுங்கைகளையும், பிறகு சண்டையில் முகாமே தரைமட்டமானதையும் உடைந்த ஆங்கிலத்தில் சொல்லுவார்.

"அப்ப உங்கட ஊர் எது?" என்று ஒருநாள் அம்மாவும் உடைந்த ஆங்கிலத்திலேயே கேட்டார்.

"ஊர் அப்பாவின்ரை. நான் அதைக் கண்டதேயில்லை. எனக்கு வீடு முகாம்தான்."

கைக்குழந்தையாக யாழ்ப்பாணத்தை விட்டு, தமிழ்நாட்டில் மண்டபம் அகதி முகாமில் வளர்ந்த நான், "அம்மா, எனக்கும் முகாம்தானே வீடு" என்றேன்.

அம்மாவின் முகம் இறுகியது. "முகாமை வீடெண்டு சொல்லாதை. சொன்னா, எங்களைக் கலைச்சவங்கள் வெண்டுட்டாங்கள்."

அதன்பின் அம்மா முகாமைப் பற்றி வாயே திறக்கவில்லை. யாழ்ப்பாணத்து வீட்டைச் சொல்லிச் சொல்லியே செத்துப்போனார். அந்த வீட்டின் ஒரு சுவர்கூட எனக்கு ஞாபகமில்லை.