பிரித்து வைத்த புத்தகம்

ரங்கூன், பன்சோடான் தெரு. தூறலில் நடைபாதைப் புத்தகக் கடைகள் மிதப்பதுபோல் தெரிகின்றன. எல்லாரும் அண்ணன் என்று பொருள்படும் பர்மியச் சொல் சேர்த்து கோ முத்து என்றழைக்கும் தமிழர், பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவின் சுதந்திரச் சிந்தனைகள் பற்றிய ஆங்கிலப் புத்தகத்தை அத்தியாயங்களாகப் பிரித்து வாடகைக்கு விடுகிறார். ராணுவத்திடம் முழுதாகப் பிடிபடக் கூடாதாம். எந்த அத்தியாயம் இருக்கிறது என்று கேட்கிறேன்.

"தடையில்லா வியாபாரம் இருக்கு தம்பி, அதை யாரும் பிடிக்க மாட்டாங்க. பேச்சுரிமையை ஒரு பிள்ளை கொண்டுபோச்சு. காலேஜை மூடினதால லைங் தாயாவுல ஒரு துணி ஃபேக்டரியில தைக்குது. மூணு வாரமா காணோம்."

"ஓட்டுரிமை?"

"அந்தப் பிள்ளைக்கு எடுத்து வச்சிருக்கேன்."

"நாளைக்கு ஊருக்குக் கிளம்புறேன். விலைக்குக் கொடுங்களேன்."

"வித்துட்டா, அந்தப் பிள்ளை இனி வராதுன்னு நானே முடிவு கட்டின மாதிரி ஆயிடும்."

லைங் தாயா பஸ் வந்து நிற்கிறது. இறங்குகிறவர்களை இருவரும் ஒவ்வொருவராகப் பார்க்கிறோம்.